வெட்டி எறிந்த ஒரு மூச்சு

தெரிந்தே செய்ததற்குத் தவறு என்று பெயர் சூட்டலாமா? எனக்கு விடை தெரியாது. தெரியாமல்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

மாண்புமிகு மன்றத் தலைவர் ஹென்னிங் அவர்களே, மரம் அறுத்து மரத்துப்போன கைகளோடு வந்திருக்கும் மூத்தோரே, மடியில் கம்பளிக் கையுறையோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வடசுவீடனின் லீக்செலே மக்களே, வணக்கம்.

நம்மூர்ப் பெண் டூவா இருபத்து நான்கு வயதில் எடுத்த முதல் படத்தைத் தொகுத்தவள் நான், சொல்வெய்க். படத்தில் தன் அம்மா குன்வோரிடம் கேட்கிறாள்: "நான் ஸ்டாக்ஹோம் போனப்ப அழுதியாம்மா?" குன்வோர் உதட்டைக் குவித்து, 'ஷுப்' என்று மூச்சை உள்ளே இழுத்தார்.

அதோ, அங்கேயும் யாரோ இழுக்கிறீர்கள். ஆமாம், அதேதான்!

நமக்கு அது 'ஆமாம்'. தலைநகரத் தயாரிப்பாளருக்கு? "என்னங்க, குழாய் ஒழுகுற மாதிரி? எடுத்துடுங்க." இந்த மண்ணில் பிறந்தவள் நான், முப்பது ஆண்டாய் அங்கே அந்த மூச்சை மறைத்துப் பழகியவள். வாய் திறந்தேனா? விளக்கினேனா? வெட்டினேன்!

"அம்மாவோட பதில் எங்க, சொல்வெய்க்?" என்று டூவா கேட்டாள்.

"மௌனம்தான் அழகு" என்றேன். முதல் படம். நம்பிவிட்டாள்.

பரிசு வந்தது. 'கல்நெஞ்சத் தாய்' என்று எழுதிப் பத்திரிகைகள் படத்தை மெச்சின. சென்ற இலையுதிர் காலத்தில் இதே மன்றத்தில் படம் முடிந்து விளக்கு எரிந்தது.

"என்ன குன்வோர், ஒரு சொட்டுக்கூட அழலியாமே!" என்று யாரோ சீண்டினார்.

குன்வோர் எழுந்தார். "நான் பதில் சொன்னேனே, டூவா. எங்க போச்சு?" டூவா என்னைப் பார்த்தாள். நான் என் காலணியைப் பார்த்தேன். மகளிடம் வேறொரு சொல் பேசாமல் வெளியேறினார் அந்தத் தாய்.

ஒரு மூச்சு! ஒரே ஒரு மூச்சு! அதில் ஒரு தாயின் கண்ணீர் இருந்தது. அதில் ஒரு மகளின் ஊர் இருந்தது. சத்தம் என்று நான் வெட்டியது சத்தியம் அல்லவா?

அந்த மூச்சு மீண்ட படத்தை இன்று பார்க்கப்போகிறீர்கள். பாராட்டு டூவாவுக்கு, பழி எனக்கு. பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு என் நன்றியும் வணக்கமும். அந்த இலையுதிர்காலத் திரையிடலுக்கு மறுநாள் நடந்ததை மட்டும் சொல்லி இறங்குகிறேன்.

குன்வோர் வீட்டுக்குப் போனேன். மேசையருகே டூவாவும் இருந்தாள். "அது ஆமான்னு உனக்கு அப்பவே தெரியும்தானே?" என்று குன்வோர் என்னைக் கேட்டார். என்னையறியாமல் மூச்சு உள்ளே போனது: ஷுப். அவர் காப்பியை என் பக்கம் நகர்த்திவிட்டு, மகளிடம் பேசத் தொடங்கினார்.