கையுறைக்குள் கிடைத்த திருவடி

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து திருவரங்கம் செல்லும் பேருந்தில், அடியேனுக்கு முன்னிருக்கையில் வயது முதிர்ந்த தம்பதியர் அமர்ந்திருந்தனர். "பெருமாள் திருவடியை இன்னிக்குத் தொட்டுட்டேன்" என்று அம்மையார் சொன்னது காதில் விழுந்ததும், மனத்திற்குள் அனுசந்தித்துக்கொண்டிருந்த பாசுரம் பாதியில் நின்றுவிட்டது.

அருங்காட்சியகத்தில், கண்ணை மறைக்கும் கருவியையும் தொடு உணர்வு தரும் கையுறையையும் அணிவித்து, பேழைக்குள் இருக்கும் செப்புத் திருமேனியைத் தொடுவதுபோல் உணர வைத்தார்களாம்.

"அது கம்ப்யூட்டர் படம். பெருமாளாவது!" என்றார் கணவர்.

"விரல் விரலா தெரிஞ்சுதே! கோயில்ல இத்தனை வருஷம் தூர நின்னுதானே சேவிச்சேன்?"

"சேவிச்ச லட்சணத்தைத்தான் பார்த்தேனே! கையுறையைக் கழட்டினதும் அங்க வேலை பார்க்கற பொண்ணு உன் கையில சானிடைசர் விட்டா. நீ தீர்த்தம்னு வாய்கிட்டே கொண்டுபோயிட்டே."

"பழக்கம்! குடிக்கலையே, தலையிலதானே தடவிண்டேன்."

"அத்தனை பேரும் சிரிச்சா."

"சிரிக்கட்டும். நான் தொட்டேன்னு நீங்க ஒரு வார்த்தை ஒத்துக்கோங்கோ, எனக்கு அது போறும்."

"படத்தைத் தொட்டேன்னு வேணா ஒத்துக்கறேன்."

பேருந்து காவிரிப் பாலத்தில் ஏறியது. அம்மையார் கணவர் பக்கம் திரும்பிக் கேட்டார்: "வெறும் படம்தானே? உங்க முறை வந்து கருவியை மாட்டினதும், சன்னதியில நிக்கறாப்பல மேல்துண்டை எடுத்து ஏன் இடுப்பில கட்டிண்டேள்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி ஆற்றைப் பார்த்தார். துண்டு இன்னும் இடுப்பில்தான் இருந்தது.