அலமாரி அமைதியான பிறகு

என் பேச்சு எங்கே போய் முடியுமோ என்ற கவலையை மறைத்துக்கொண்டு இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஆலை மேலாளர் ஐயா அவர்களே! அனலுக்கு முன்னே அன்றாடம் நின்று அசராத மூத்த தொழிலாளர்களே! வேலைக்குப் போனவர் வீடு திரும்பும்வரை வாசலையே பார்த்திருக்கும் தாய்மார்களே! இப்போதே கடிகாரம் பார்க்கத் தொடங்கிவிட்ட தம்பிமார்களே! அனைவருக்கும் இயந்திரங்களுக்கு எண்ணெய் விடும் இந்த எண்ணெய்க்காரனின் வணக்கம்.

நான் எட்டாவது வரை படித்தவன். எட்டாவதை இரண்டு முறை படித்ததால் அதில் மட்டும் கொஞ்சம் ஆழம் உண்டு. என் மகளோ, சுழலும் இயந்திரத்தின் அதிர்வை அளந்தே உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடுகிறவள். அந்த அறிவு யாரிடமிருந்து வந்தது என்கிறீர்களா? மூன்றாம் வரிசையில் என்னை முறைத்துக்கொண்டிருக்கிறாரே என் மனைவி, அங்கிருந்துதான்!

உலைக்குப் பின்னால் புகையை இழுத்து வெளியே தள்ளும் பெரிய ஃபேன் உங்களுக்குத் தெரியும். முழு வேகத்தில் ஓடும்போது அது பரம சாது. நிறுத்தினால்தான் வினை! ஸ்விட்சை அணைத்தவுடன் அது நின்றுவிடாது. மெல்ல மெல்ல வேகம் இறங்கும். பாதி வேகத்தை நெருங்கும்போது, தரைக்கு அடியிலிருந்து யாரோ வாயை மூடிக்கொண்டு அழுவதுபோல் ஒரு முனகல் எழும். குடிநீர் வாளியில் வட்டம் வட்டமாய் அலை எழும். பல்லுக்குள் கூசும்.

அதோடு விட்டதா? சுவருக்கு அந்தப் பக்கம் வரிசையாக இரும்பு அலமாரிகள். அத்தனையும் சும்மா நிற்க, ஒன்று மட்டும் திறக்கும். யாருடையது? காய்ச்சலில் காலமான நம் ஃபிட்டர் அண்ணனுடையது! கொக்கி தானாக எழும்பும். உள்ளேயிருந்து யாரோ தள்ளுவதுபோல் கதவு விலகும். அவர் மாட்டிய சட்டை அப்படியே தொங்கும். அதன் கைகள் மட்டும் ஆடும்.

வீரர்களாகிய நாம் என்ன செய்தோம்? ஸ்விட்சை அணைத்ததும் ஃபேன் அறையில் ஆள் இருக்கக்கூடாது என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினோம். சிரிக்காதீர்கள், ஓடியவர்களில் பாதிப் பேர் இங்கேதான் இருக்கிறார்கள்! அதிர்வை அளவெடுக்க வந்தவர்களையும் முழு வேகத்தில் எடுத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டோம். அது ஓடுவதைப் பார்த்தோம். நின்றதைப் பார்த்தோம். நிற்கப் போகிறதே, அந்த நேரத்தில் பார்த்தவர் யார்? ஒருவருமில்லை!

பிறகு ஒரு வாரம், அலமாரி திறக்கவே இல்லை. "அண்ணன் போய்ச் சேர்ந்துட்டாருப்பா" என்று கிரேன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். மகளின் கை தட்டில் அப்படியே நின்றது.

"முனகல் சத்தமும் நின்னுடுச்சாப்பா?"

"அது இருக்கும்மா. இன்னும் கொஞ்சம் அடித்தொண்டையில வருது. அலமாரிதான் திறக்கல. நல்லதுதானே?"

"நல்லதில்லப்பா" என்றாள். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

மறுநாள் கருவியோடு வந்துவிட்டாள். முழு வேகத்தில் அளந்தாள். குறையே இல்லை. "இப்ப நிறுத்துங்க. நான் உள்ளயே இருக்கேன்" என்றாள்.

"பாப்பா, வெளிய வந்துடு தாயி!" என்று கிரேன்காரர் கத்தினார். நான் வாசலில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. எந்தக் கால் ஜெயிக்கும் என்று எனக்கே தெரியாது.

வேகம் இறங்கியது. எந்த வேகத்தில் எவ்வளவு நடுக்கம் என்று திரையில் கோடு ஓடியது. முனகல் எழுந்தது. கோடு குபீரென்று உயர்ந்து தாழ்ந்தது. ஃபேன் நின்றது. உடனே அவள் சுவருக்கு அந்தப் பக்கம் போய், ஃபிட்டர் அண்ணனின் அலமாரிக் கதவை ரப்பர் சுத்தியலால் டொக் டொக்கென்று தட்டி, அதன் நடுக்கத்தையும் கருவியில் பார்த்தாள்.

"ஐயோ, அவரைக் கூப்பிடாதம்மா!" கிரேன்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மாமா, ஒவ்வொரு பொருளும் தனக்குன்னு இருக்குற ஒரு நடுக்கத்துக்குத்தான் பதில் சொல்லும். ஃபேனைச் சுத்துற தண்டு, அந்த ஷாஃப்ட் நடுங்கின வேகமும் இந்தக் கதவோட நடுக்கமும் ஒண்ணா இருந்தப்ப கதவு திறந்துச்சு. கதவு மாறல. ஷாஃப்ட் நடுங்குற வேகம்தான் இன்னும் கீழ இறங்கிடுச்சு. அப்படின்னா ஷாஃப்ட் தளர்ந்துக்கிட்டே வருது. உள்ள விரிசல் ஓடுது."

பேயென்று பயந்தபோது எச்சரிக்கை இருந்தது! பேய் போனதென்று மகிழ்ந்தபோது ஆபத்து இருந்தது!

அடுத்து நடந்ததைச் சொல்ல நம் தலைவர், மேலாளர் ஐயா, அனுமதி தந்திருக்கிறார், பெரிய மனசு. உலையில் சரக்கு நிறைந்திருந்தது. "இன்னிக்கு ஒரு தடவை மட்டும் ஓட்டிட்டு நாளைக்குப் பிரிச்சிடலாமே" என்றார். கிளப்பும்போது ஃபேன் பக்கத்தில் நின்று எண்ணெய் பார்ப்பது யார்? அடியேன்! "எனக்கென்ன சார், நான் நிக்கிறேன்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

மகள் கருவியைப் பையில் வைத்தாள். வந்து என் பக்கத்தில் ஒட்டி நின்றாள்.

"நீ போம்மா."

"நீங்க நிக்கிற இடந்தானே? ஸ்விட்சைப் போடச் சொல்லுங்க."

ஐயாவின் விரல் பொத்தான்மேல். என் காலடியில் தரை நடுங்கியது. குனிந்து பார்த்தேன். ஃபேன் ஓடவில்லை. தரை நடுங்கவில்லை. நடுங்கியது என் கால்.

ஐயா விரலை எடுத்துக்கொண்டார்.

ஷாஃப்டைக் கழற்றிப் பார்த்தோம். சுற்றிலும் ஒரு கருப்புக் கோடு. அந்த இடத்தில் பிளந்து காட்டினார்கள். விரிசல் போன இடமெல்லாம் கருத்துக் கிடந்தது. நடுவில் மட்டும் உள்ளங்கை அளவு பளபளப்பு. ஆலையின் அத்தனை மூச்சையும் சுமந்தது அந்த உள்ளங்கை அளவு இரும்பு!

"இன்னும் எத்தனை தடவை தாங்கியிருக்கும்மா?"

"ஒரு தடவைதான்னு சொன்னா நீங்க தூங்க மாட்டீங்க. நிறையன்னு சொன்னா நான் பொய் சொல்றேன்."

தோழர்களே! ஓட்டத்தில் எல்லாம் நலமாகத்தான் தெரியும். வேகம் மாறும்போதுதான் உள்ளிருப்பது வெளியே வரும். ஏறும்போது பாருங்கள்! இறங்கும்போது பாருங்கள்! தள்ளி நின்று பாருங்கள், ஆனால் பாருங்கள்! பயமாக இருந்தால் பயந்துகொண்டே பாருங்கள்! சத்தம் வந்தால் கேளுங்கள். வந்த சத்தம் நின்றுபோனால், ஏன் நின்றது என்று அதைவிடச் சத்தமாகக் கேளுங்கள்!

விரலை எடுத்த தலைவருக்கும், என் பக்கத்தில் வந்து நின்ற என் பெண்ணுக்கும், இவ்வளவு நேரம் எழுந்து போகாத உங்களுக்கும் என் நன்றி. எல்லோரும் முழுசாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.