மங்களம் இல்லாத நாடகம்

நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் கரி பஸ், அடுப்பில் கரி போடுவதற்காக ராசிபுரத்தில் நின்றது. எனக்கு முன்னால் ஒரு காலேஜ் வாத்தியாரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மடியில் தடித்த இங்கிலீஷ் புத்தகம்.

“குறிப்பெல்லாம் படிச்சு முடிச்சுட்டேன் அம்மிணி. நாடகந்தான் இன்னும் படிக்கல” என்றார் அவர். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

அந்த அம்மாள் புத்தகத்தை எட்டிப் பார்த்தாள். “இதென்னுங்க, மேல நாலே வரி, கீழ பூராப் பொடி எழுத்து?”

“மேல இருக்கறது முந்நூறு வருசத்துக்கு முந்தின நாடகம். கீழ இருக்கறது பண்டிதர் எழுதின விளக்கம். இப்பத்தான் புதுசா அச்சுப் போட்டிருக்காங்க.”

“கூத்துல ராஜாவைப் பேச உடாம நடுவுல நடுவுல கட்டியக்காரன் பேசுவானே, அதாட்டமுங்களா?”

“அதே கணக்குத்தான்.”

“நாளைக்கு உங்களுக்கு மொத வகுப்பு. கடைசியில என்னாச்சுன்னு பசங்க கேட்டா?”

அவர் அவசரமாகக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார்.

“ராஜாவைத் தம்பி கொன்னுடறான். தம்பியை ராணி கொன்னுடறா. ராணியும் விஷங் குடிச்சுடறா. மேடையில ஒருத்தரும் பாக்கியில்ல.”

“அப்ப மங்களம் யாருங்க பாடறது? அது பாடாம எந்தூர்ல கூத்து முடியும்?”

அவர் பொடி எழுத்தில் விரலை ஓட்டித் தேடினார். “அதுக்குக் குறிப்பே போடல அம்மிணி.”

“அப்ப நீங்களே ரெண்டு வரி பாடிருங்க. அத்தனை பொணத்தைக் காட்டிப்போட்டு, பசங்களை அப்படியே ஊட்டுக்கு அனுப்புவாங்களாக்கும்!”

பஸ் கிளம்பியது. சேலம் வரும்வரை வாத்தியார் ஏதோ ஒரு ராகத்தை முனகிக்கொண்டே வந்தார்.