கிடங்குக்குள்ளிருந்து வந்த பாட்டு

ஒலிபெருக்கியை என் கையில் கொடுத்த நொடியிலிருந்து, அதை எப்போது திரும்ப வாங்குவது என்று கவலைப்பட்டுக்கொண்டிருக்கும் தெருச் சங்கத் தலைவர், பேரன்புக்குரிய மக்காரியோ அவர்களே! முன்வரிசையில் முக்காடிட்டு அமர்ந்திருக்கும் மூத்தோரே! கிறிஸ்துமஸ் பழரசமான பொஞ்சே கொதிக்கும் அண்டாவை விட்டு அகலாமல், அங்கிருந்தே காதை மட்டும் இங்கே அனுப்பியிருக்கும் தாய்மார்களே! பழமும் தின்பண்டமும் நிரப்பித் தொங்கவிட்ட பினியாத்தாப் பானையை எப்போது உடைப்பார்கள் என்பதைத் தவிர வேறெதுவும் கேட்க விரும்பாத பிள்ளைச் செல்வங்களே! கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், தொப்பியை மூக்குவரை இறக்கிவிட்டு, ஒளிந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் மொத்த வியாபாரி தோன் நிக்கனோர் அவர்களே! சந்தை வாசலில் பணியாரம் பொரித்துப் பிழைக்கும் இந்தச் செனைதாவின் மனமார்ந்த வணக்கம்.

தோன் நிக்கனோர், எழுந்திருக்காதீர்கள். உட்காருங்கள். உங்களுக்குக் கடைசியில் ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

என் உடன்பிறந்தோரே! தெஹோக்கோத்தேப் பழம் இல்லாத பொஞ்சேயும் ஒரு பொஞ்சேயா? கரும்பு இருக்கலாம், கொய்யா இருக்கலாம், பட்டை மணக்கலாம். ஆனால் நெல்லிக்காய் அளவில், மஞ்சள் கன்னத்தில் கரும்புள்ளிகளோடு, அந்தச் சின்னஞ்சிறு பழம் கோப்பையின் அடியில் கிடக்க வேண்டாமா? அதை விரலால் எடுத்து உறிஞ்சிக் கொட்டையைத் துப்பாத கிறிஸ்துமஸ் நமக்கு உண்டா? (இல்லை என்கிறார் பின்னாலிருந்து ஒருவர். வாயில் பழத்தோடு சொல்கிறார். கொதிக்கும் அண்டாவுக்குள் அதற்குள் கைவிட்டது யார்?)

மண் அதை மலிவாகத் தருகிறது. மழை அதை மலிவாகத் தருகிறது. மலை அதை மலிவாகத் தருகிறது. மலையிலிருந்து நம் மடிக்கு வருகிற வழியில் அதன் விலையை மலைமேல் ஏற்றியது யார்? இந்த ஆண்டு சந்தையில் விலை கேட்ட நீங்கள் எல்லாரும் வெறுங்கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பினீர்களே, நினைவிருக்கிறதா?

எவுலாலியா விலை கேட்ட கதையைச் சொல்கிறேன். எவுலாலியா யார்? மூலைவீட்டுப் பின்கட்டில் குடியிருந்து, சோள அடை தட்டி விற்கிறவள். மரியாளும் சூசையப்பரும் தங்க இடம் கேட்டு அலைந்ததை வாசல் வாசலாகப் பாடி நாம் கொண்டாடும் பொசாதாவில், கடைசி நாளை நடத்தும் முறை இந்தத் தெருவில் என்றைக்கும் சொந்த வீட்டுக்காரர்களுக்கே போய்க்கொண்டிருந்தது. இந்த ஆண்டுதான் முதன்முதலாகக் குடக்கூலிக்கு இருக்கும் ஒருத்திக்குக் கொடுத்தோம். நான்தான் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தேன். தலைவர் தலையாட்டுகிறார், நன்றி. அவள் வீட்டு அண்டா காலியாக இருந்தால், உடைத்த பானையிலிருந்து பழத்துக்குப் பதில் வேர்க்கடலைத் தோல் விழுந்தால், ஊர் என்ன பேசும்? "அதான் அப்பவே சொன்னோமே" என்று பேசும். இனி எந்தப் பின்கட்டுக்கும் அந்த முறை போகாது.

அவள் பழக்கடை ரெமிஹியோவிடம் போய் நின்றாள்.

"என்னண்ணே இது, இந்த விலைக்கு ஒரு கோழியே வாங்கலாமே?"

"கோழிய வேணா பொஞ்சேல போடு தாயி. நான் என்ன பண்ணட்டும்? மலையில பனி கொட்டி மரமெல்லாம் கருகிப் போச்சாம். கிடங்குல சரக்கே இல்லன்னு தோன் நிக்கனோர் சொல்றாரு. நான் வாங்கினதே நெருப்பு விலை."

சென்ற வாரம் ஒரு காலையில் எவுலாலியா என் சட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். கையில் பொசாதாத் தட்டு. அதில் கழுதையோடு மரியாளும் சூசையப்பரும். புதுத் துணி தைத்துப் போட்டிருந்தாள் அந்தப் பொம்மைகளுக்கு. "அக்கா, இத வேற யாருக்காச்சும் குடுத்துருங்க. என்னால முடியாது" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் அந்தத் துணியின் ஓரத்தை நீவி நீவி விட்டுக்கொண்டு நின்றதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏனென்றால் எனக்கு ஒன்று தெரியும். என் கொழுந்தனுக்கு மலையில் தோப்பு இருக்கிறது. அந்த வாரம்தான் வந்து புலம்பிவிட்டுப் போனான்: "அண்ணி, காய்ப்பு தாங்காம கெளையே முறியுது. நிக்கனோர் லாரி வந்து, சும்மா கெடக்குற சருகு மாதிரி சல்லிசா அள்ளிட்டுப் போறான்." பனியாவது, கருகலாவது! அப்படியானால் அள்ளிக்கொண்டு போன பழம் எங்கே?

அடுப்பை அணைத்தேன். அந்தத் தட்டோடு அவளை இழுத்துக்கொண்டு நடந்தேன். ரெமிஹியோ கடையை அப்படியே விட்டுவிட்டு வந்தார். பூக்காரிகள் வந்தார்கள். காய்கறிச் சந்து முழுவதும் வந்தது. கிடங்கின் இரும்புக் கதவு இறங்கியிருந்தது. காவலாளி கையை விரித்தான்.

"உள்ள ஆளே இல்லம்மா. ஈ கூட இல்ல."

தட்டினோம், பதில் இல்லை. கத்தினோம், பதில் இல்லை. திரும்பிவிடலாம் என்று சிலர் காலை எடுத்து வைத்தார்கள். அப்போது எவுலாலியா சொன்னாள்: "இந்தத் தட்டத் தூக்கிக்கிட்டு மூடின கதவு முன்னாடி நின்னா நம்ம வழக்கம் என்ன அக்கா? பாடித்தானே பாக்கணும்?"

பாடினாள்! இருக்க இடம் கேட்கும் அந்தப் பழைய மெட்டை, பகல் வெளிச்சத்தில், பூட்டிய கதவைப் பார்த்துப் பாடினாள். நாங்களும் சேர்ந்துகொண்டோம். பாட்டின் முதல் அடி முடிந்தது. ஒரு மூச்சு விடும் நேரம். என் உடன்பிறந்தோரே, கதவுக்கு உள்ளேயிருந்து பதில் பாட்டு வந்தது!

வெளியே கேட்டால் உள்ளே மறுத்துப் பாட வேண்டும். பேச்சு வந்த நாளிலிருந்து நமக்குப் பழகிய பாடம் அல்லவா? உள்ளே மூட்டை தூக்குகிற ஆட்களின் வாய், அவர்களைக் கேட்காமலே திறந்துகொண்டது. இங்கே இடமில்லை, போங்கள் என்று பாடினார்கள். பொய்யே இல்லை! அத்தனை பழத்தை அடுக்கி வைத்தால் இடம் எங்கே இருக்கும்?

அதோடு விட்டார்களா? அவர்கள் குரலுக்கெல்லாம் அடியில், தரை அதிர, ஒரு கனத்த குரல். ஆண்டுதோறும் தேவாலய வாசலில் விடுதிக்காரன் பாட்டைப் பாடுகிற குரல். இந்த ஊரில் யாருக்குத் தெரியாது அந்தக் குரலை? (கைதட்டுங்கள், தூணுக்குப் பின்னால் கேட்கட்டும்.)

சட்டென்று உள்ளே அமைதி. வெளியே சிரிப்பு. காவலாளிகூடச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சிரித்தான். நாங்கள் விடவில்லை. ஒருமுறை பதில் பாடிவிட்டால் பிறகு கதவைத் திறக்காமல் இருக்க எந்தக் கிறிஸ்தவனால் முடியும்? வழக்கமாகக் கதவு திறக்கிற கடைசி அடியைப் பாடினோம். கதவு மேலே போயிற்று. கூரைவரைக்கும் பெட்டிகள், பெட்டிகளுக்குள் மஞ்சள், எங்கள் முகத்தில் அந்த வாசனை!

"பழமே வரலைன்னீங்களே தோன் நிக்கனோர்?"

"கடைசி நாள் வரைக்கும் வச்சிருந்தா நல்ல விலை போகும் செனைதா. யாவாரம்மா இது. தப்பா?"

"அப்புறம் ஏன் வாயத் தொறந்தீங்க?"

"என் நாக்கு என் பேச்சக் கேக்கல."

எவுலாலியாதான் முன்னால் போனாள். "அய்யா, கடைசி நாள் என் வீட்டு முறை. வாடகைக்காரிக்கு இந்தத் தெரு மொதமொதலா குடுத்தது. அதையும் சேத்துப் பூட்டிட்டீங்களே" என்றாள். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றினார். நான் பார்த்தேன், கழற்றினார்.

நாம் கொள்ளையடித்தோமா? ஒரு பழம்கூட இல்லை! மலையில் கொடுத்த விலை, லாரிக்கூலி, அவருக்கு நியாயமான இலாபம், அத்தனையும் கொடுத்தே வாங்கினோம். திறந்த கிடங்கைச் சந்தையே பார்த்துவிட்டதே, பிறகு எந்தப் பொய் விலை நிற்கும்? உச்சிவெயில் ஏறுவதற்குள் விலை இறங்கிவிட்டது. கல்லெறிந்தா இறக்கினோம்? கை ஓங்கியா இறக்கினோம்? பாடி இறக்கினோம்! பசித்தவன் பாடினால் பதுக்கியவனும் பதில் பாடுவான் என்று காட்டியது எந்த ஊர்? நம் ஊர்! எந்தத் தெரு? நம் தெரு! எந்த வீடு? பின்கட்டு வீடு!

அடுத்த ஆண்டு நாமே லாரி பிடித்து மலைக்குப் போகிறோம். கிளை முறியக் காய்த்த தோப்போடு என் கொழுந்தன் காத்திருப்பான். பருவம் கொடுக்கும் பழம் பருவத்தின் விலைக்கே நம் பிள்ளைகளின் பானையில் விழும். இதற்குச் சம்மதிப்பவர்கள் கையைத் தூக்குங்கள். தோன் நிக்கனோர், நீங்களும் தூக்குகிறீர்களா? நன்று, லாரி உங்களுடையதே கிடைத்துவிட்டது.

இப்போது உங்கள் வேலை. ஆண்டுதோறும் நீங்கள் உள்ளே நின்று மறுத்துப் பாடினீர்கள். இன்று மாலை நீங்கள் தெருவில் நிற்க வேண்டும். தட்டைத் தூக்கிக்கொண்டு, பின்கட்டு வாசலில் நின்று, இருக்க இடம் கேட்டுப் பாட வேண்டும். உள்ளேயிருந்து பதில் பாடப்போகிறவள் எவுலாலியா. கொஞ்ச நேரம் மறுப்பாள். வழக்கம் அப்படி, கோபித்துக்கொள்ளாதீர்கள். பிறகு கதவைத் திறப்பாள். உங்கள் கோப்பையில் அவள் போடப்போகும் பழம் எந்தக் கிடங்கிலிருந்து வந்தது என்று இந்த ஊரில் யாரும் கேட்க மாட்டோம்.

பொறுமையாகக் கேட்டவர்களுக்கும், அண்டாவில் கைவிட்டவர்களுக்கும் சேர்த்தே என் நன்றி. தலைவரே, இந்தாருங்கள் உங்கள் ஒலிபெருக்கி. எல்லாருக்கும் வணக்கம். வாருங்கள், பாடப் போவோம்!