கேட்கும், பேசாது

ஒரு மனிதனின் குரல் இருபத்தைந்து கிலோமீட்டர் தாண்டிப் போய்ச் சேர என்ன விலை? என் கடையில் நூற்றெண்பது ரூபாய். இருநூற்றைம்பது சொன்னேன், ஜீவானந்தம் பேசிப் பேசிக் குறைத்தான். பேரம் பேசுகிறவனை எனக்குப் பிடிக்கும் இன்ஸ்பெக்டர் சார். எங்கள் வீட்டில் பெண் பார்க்கப் போனாலும் முதல் விலைக்குத் தலையாட்டமாட்டோம்.

சுங்குவார்சத்திரத்தில் முன்பக்கம் வண்டி எலக்ட்ரிக் கடை, பின்பக்கம் சிமெண்ட் குடோன். இரண்டும் என்னுடையவை. ஜீவானந்தம் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர்கீப்பர், பொழுதுபோக்குக்காக வயர்லெஸ்ஸில் ஊர் ஊராகப் பேசுகிற, லைசென்ஸ் வாங்கிய ஹாம் ரேடியோக்காரன். தன் பழைய ஜீப்பில் வயர்லெஸ் செட் வைக்க என்னிடம் வந்தான். ஒழுங்காகத்தான் வைத்துக் கொடுத்தேன். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர். கூரையில் பெயிண்ட்டைச் சுரண்டி ஆன்டெனா. குன்றத்தூரில் இருக்கும் கோதண்டராமன் என்ற நண்பரோடு அவன் முதல்முறை பேசியபோது நானும் கைதட்டினேன்.

ஐப்பசி மழை பிடித்த பிறகு திரும்ப வந்தான். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் ஊய் என்று ஓர் ஊளை. எர்த் கழன்றிருந்தது. துருவைச் சுரண்டி முடுக்கிக்கொண்டே, "இவ்ளோ அவசரம் இன்னாத்துக்கு?" என்றேன்.

"ஏரி ரொம்பிக்கினு வருதுண்ணா. கரை மேலயே வண்டியப் போட்டுக்கினு ஒக்காரப் போறேன். ரோடெல்லாம் தண்ணி, ஊர்ல ஒரு போனும் வேல செய்யல. நான் செட்டுல சொன்னா கோதண்டராமன் சாரு இன்ஜினியர் வூட்டுக்குப் போன் போடுவாரு. உபரித் தண்ணி போற கலங்கல் பலகையத் தூக்கச் சொல்லி செட்டுலயே ஆர்டர் வந்துடும்."

"தூக்குனா தண்ணி எங்க போவும்?"

"உன் குடோனுக்குத்தான். உன் சிமெண்ட்டு குளிச்சா இன்னா, பாதி சாம்பல்தானே?" என்று சிரித்தான். "முட்டி அளவுதாண்ணா வரும். மூட்டைய ஏத்தி வச்சுக்கோ. தூக்கலன்னா கரை புட்டுக்கினு கீழ்த்தெருவே பூடும்."

நானூறு மூட்டையை எங்கே ஏற்றுவது? சிமெண்ட் ஒருமுறை நனைந்தால் கல். கீழ்த்தெரு நனைந்தால் காயும். அன்றைக்கு அப்படி நினைத்தேன். இன்றைக்கும் அந்த நினைப்பில் பெரிய பிழை தெரியவில்லை.

அவன் டீ குடிக்கப் போன நேரத்தில் தடித்த ஒயரில் ஒரு சாண் வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் காலிங்பெல் ஒயரை முறுக்கி டேப் சுற்றினேன். நீங்கள் மேசைமேல் வைத்திருக்கிற துண்டு அதுதான். செட்டுக்குக் கேட்பதற்குக் கொஞ்சம் கரண்ட் போதும். பேசத்தான் நிறைய வேண்டும். மெல்லிய ஒயர் அதைக் கொடுக்காது. கேட்கும், பேசாது.

சோதித்துப் பார்க்கமாட்டானா என்பீர்கள். பார்த்தான். கோதண்டராமன் வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தது தெளிவாகக் கேட்டது. ஊளை இல்லை. ஆனால் ஒருவர் பேசும்போது குறுக்கே புகுவது அந்தக் கூட்டத்தில் மரியாதை இல்லையாம். கொஞ்ச நேரம் மைக்கைப் பிடித்தபடி காத்திருந்தான். "பெரியவரு, பேசட்டும்ணா. கரைக்குப் போயி பேசிக்கிறேன்" என்று கிளம்பிவிட்டான். இவ்வளவு மரியாதை பார்க்கிறவன் சந்தைக்குப் போனால் இடுப்புத் துணியோடு திரும்பமாட்டான்.

மறுநாள் மத்தியானம் குடை பிடித்துக்கொண்டு நானே கரைக்குப் போனேன். தண்ணீர் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவன் பேச மைக் பட்டனை அமுக்கினால் செட்டின் விளக்கு மங்கி அணைந்தது. விட்டால் எரிந்தது. "ஜீவா, ஏரி எப்படி இருக்கு? கேக்குதா? ஓவர்" என்றது கோதண்டராமன் குரல்.

"நல்ல நேரத்துல வந்தே நீ. இன்னான்னு பாரு, சீக்கிரம்."

பார்த்தேன். பானட்டைத் திறந்து, நன்றாக இருந்தவற்றையெல்லாம் கழற்றி மாட்டினேன்: பேட்டரி முனை, ஆன்டெனா, மைக். டேப்பைப் பிரித்துத் தடித்த முனைகளை ஒன்றாக முறுக்கினால் வேலை முடிந்தது. இடுக்கி என் கையில்தான் இருந்தது. குன்றத்தூர்க் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. பொறுமையான மனிதர்.

"செட்டே பூட்ச்சுப்பா" என்றேன்.

ஜீவானந்தம் என் முகத்தைப் பார்த்தான். சந்தேகப்பட்டானா என்று கேட்கிறீர்கள். இல்லை. "சர்த்தாண்ணா, நீ இன்னா பண்ணுவே" என்று என் தோளைத் தட்டிவிட்டுச் சரிவில் இறங்கிக் கீழ்த்தெருவுக்கு ஓடினான், கதவு கதவாகத் தட்ட. கரை உடைந்தபோது கடைசி வரிசை வீடுகளில் இருந்தான்.

அவனை ஓடச் சொன்னது நான் இல்லை. கரையைக் கட்டியதும் நான் இல்லை. ஒயரை மாற்றினேன், ரிப்பேர் பார்ப்பதுபோல் நின்றேன், தெரிந்தே செய்தேன். அதை மறுக்கவில்லை, அழவும் போவதில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். கீழ்த்தெருவில் பதினோரு பேர், ஜீவானந்தத்தோடு பன்னிரண்டு. குடோனில் நானூறு மூட்டை, ஒன்றும் நனையவில்லை. அதில் இருபது மூட்டையை வீடு கட்டிக்கொள்ள இனாமாகத் தருகிறேன் என்று அந்தத் தெருவுக்கு ஆள் அனுப்பினேன். ஒருவரும் வாங்க வரவில்லை. ஆகவே என் பக்கம் பாக்கி எதுவும் இல்லை.