அவரவர் கட்டுரை அவரவருக்கே

எங்கள் அலுவலகத்தில் மின்விசிறி ஒன்றுதான், அதுவும் இதழாசிரியர் தலைக்கு மேல்தான் சுற்றும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு பொறியியல் ஆய்விதழின் அலுவலகப் பொறுப்பில் பத்தொன்பது வருடம் இருந்தவளுக்குப் புழுக்கம் பழகிவிடும்.

கட்டுரை வந்தால் எழுதியவர் பெயரை எடுத்துவிட்டு, விஷயம் தெரிந்த இன்னொருவருக்கு மதிப்பீட்டுக்கு அனுப்புவோம். அவர் எட்டு மாதம் வாய் திறக்க மாட்டார். ஞாபகப்படுத்தினால் வெளியூரில் இருப்பதாகச் சொல்வார். எழுதியவர்களோ தினமும் போனில் என் உயிரை எடுப்பார்கள். "ஒரு மாசத்துல முடியற மாதிரி ஏதாவது வழி பாரும்மா" என்று இதழாசிரியர் என் தலையில் கட்டிவிட்டார். நானும் பார்த்தேன் ஐயா.

ஒரு கட்டுரையைப் பற்றி அதை எழுதியவரைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? தலைப்பை மட்டும் மாற்றி, அவரவர் கட்டுரையை அவரவருக்கே அனுப்பினேன். தன்னுடையதென்று கண்டுகொண்டு, சந்தோஷமாகப் பாராட்டி எழுதிவிடுவார்கள் என்றுதான் நம்பினேன். ஐந்தே நாளில் முதல் பதில் வந்தது. 'அடிப்படையே தெரியாதவர் எழுதியது. நிராகரிக்கவும்.' அட ராமா என்று உட்கார்ந்துவிட்டேன். எழுதுவது மாணவர்கள், இந்தப் பேராசிரியர்கள் தங்கள் பெயரை மட்டும் போட்டுக்கொள்கிறார்கள் என்பது அப்புறம்தான் உறைத்தது. அதற்காக நிறுத்திவிட முடியுமா? வேலை ஜரூராக நடந்துகொண்டிருந்தது. ஒரே வருடத்தில் இருபத்தாறு பேரில் இருபத்திரண்டு பேர் தங்களைத் தாங்களே நிராகரித்தார்கள். மீதி நாலு பேர் படிக்காமலே சரி போட்டவர்கள்.

நீங்கள் விசாரிக்க வந்தது என் வீட்டுக்காரர் கட்டுரையைப் பற்றி. மழைக்காலத்தில் மரக்கதவு ஏன் இறுகுகிறது என்பதுதான் விஷயம். அது வெளிவந்தால் அவருக்குக் கல்லூரியில் துறைத்தலைவர் பதவி. இந்த வருடம் விட்டால் ஓய்வுதான். "உறை ஒட்டுற வேலைதானே உனக்கு, இதையாவது ஒழுங்கா கவனி" என்று சொல்லித்தான் கொடுத்தார். கவனித்தேன்.

பெயரை எடுத்துவிட்டு, தலைப்பை மாற்றி, சாப்பாட்டு மேசையில் நானே கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"எந்த மடையன் இதை எழுதினான்?"

"பாவங்க, பதவி உயர்வுக்குக் காத்துக்கிட்டு இருக்கிறவரா இருக்கும்."

"இவனுக்கா? இவன் கதவுக்குக் கீல் மாட்டக்கூட லாயக்கில்ல."

இருபது நிமிடத்தில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டார். உறையை நான்தான் ஒட்டினேன்.

பதவி அடுத்த அறைக்காரருக்குப் போனது. இப்போது அந்த மதிப்பீட்டாளரைக் கண்டுபிடிக்கச் சொல்லி உங்களிடம் புகார் கொடுத்திருக்கிறார். ஆள் கையில் கிடைத்தால் தோலை உரித்துவிடுவாராம். பெயரைச் சொல்லிவிடாதீர்கள் ஐயா, மனிதர் தாங்க மாட்டார்.

வேண்டுமென்றே செய்தேனா என்றால், சேச்சே, அந்தப் புத்தியெல்லாம் எனக்குக் கிடையாது. பசி வந்துவிட்டால் அவர் யார் எழுதியதையும் குதறிவிடுவார், அது எனக்குத் தெரியும். அன்றைக்குச் சமையலை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டேன், அவ்வளவுதான்.