நடு மடைக்கு ஒரு பெட்டி

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் திராட்சை விவசாயிகள் சங்கத் தலைவர் அண்ணன் பொம்மையன் அவர்களே! வாய்க்காலும் வரப்பும் வழுவாமல் காக்கும் பெரியோர்களே! கொடி கட்டிக் கட்டி விரல் கறுத்த தாய்மார்களே! பேச்சுக்குப் பின் வரும் வடைக்காக இப்போதே கடைசி வரிசையில் காத்திருக்கும் என் அருமை மைத்துனர்களே! அனைவருக்கும் நடு மடைத் தோட்டத்துச் சின்னமாயனின் பணிவான வணக்கம்.

என்ன மாப்பிள்ளை, "சீக்கிரம் முடிங்க மாமா"வா? பழம் பழுக்க நாலு மாதம் பொறுப்பவன் நீ. என் பேச்சு பழுக்கக் கொஞ்சம் பொறு.

பனி கொட்டும் தேசங்களில் திராட்சைக் கொடி குளிரில் உறங்கும், வெயில் தொட்டால் விழிக்கும். அங்கே நாள் குறிப்பது வானம். நம் கம்பம் பள்ளத்தாக்கில் கொடிக்கு உறக்கம் ஏது? ஓய்வு ஏது? கத்தரி பட்டால் துளிர்க்கும், துளிர்த்தால் பூக்கும், பூத்தால் பழுக்கும். எந்த மாதம் காய்க்க வேண்டும் என்று கொடிக்கே கட்டளையிடும் அதிகாரம் யாருக்கு வாய்க்கும்? நமக்கு வாய்த்தது. அதை வைத்து நாம் என்ன செய்தோம்?

சென்ற ஆவணியில் பூசாரி ஒரு நல்ல நாள் குறித்தார். ஊர் மொத்தமும் ஈசானிய மூலையில் சூடம் கொளுத்தி, ஒரே காலையில் கொடிகளைக் கவாத்து வெட்டியது. அவர் குறித்தது நல்ல நாள்தான். யாருக்கு நல்ல நாள் என்றுதான் நாம் கேட்கவில்லை.

ஒன்றாக வெட்டினோம், ஒன்றாகப் பழுத்தது. கேரளத்து வியாபாரி வர்க்கிச்சன் வந்து டீக்கடையில் உட்கார்ந்தார். எழவே இல்லை.

"என்ன வர்க்கிச்சா, தோட்டத்துப் பக்கம் வரலையா?" என்றேன்.

"சாயா தீரட்டும் சேட்டா. எனக்கு அவசரமில்லல்லோ. பழத்துக்கல்லே அவசரம்!"

பொய்யா சொன்னார்? மாங்காயைப் பறித்து வைக்கோலில் பழுக்க வைக்கலாம். திராட்சையைப் பறித்தால் நிற்காது. பறிக்காமல் விட்டால் ஒரே மழையில் வெடிக்கும். நான் விலையைக் குறைத்தேன். என்னைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி குறைத்தார். அவரைப் பார்த்து நான் மறுபடி குறைத்தேன். வர்க்கிச்சன் வாயே திறக்கவில்லை ஐயா, சாயா குடிக்க மட்டும்தான் திறந்தார்!

இந்தக் கூத்தில் சேராதவர் கடை மடைப் போதுமணி அக்கா ஒருவர்தான். சேரத்தான் விரும்பினார். கவாத்துக்கு ஆட்களை எல்லாம் நாம் இழுத்துக்கொண்டோம். பிறகு கொடி கட்டவும் நிறுத்திக்கொண்டோம். அக்காவுக்கு ஆள் கிடைத்தது ஐப்பசியில்.

"என்ன போதுமணி, ஊரெல்லாம் காயி பிடிச்சிருச்சு, ஒம் பந்தலு மட்டும் மொட்ட போட்டு நிக்குது? பழனிக்கு நேந்துக்கிட்டியா?" சிரிக்காதீர்கள் தலைவரே, கேட்டது நீங்கள்தான்.

"ஆளுகள்ல ரெண்டு பேர விட்டிருந்தா நானும் அன்னைக்கே வெட்டியிருப்பேன். வாய மட்டும் நல்லா விடுங்க!" என்றார் அக்கா.

மாசி வந்தது. நம் பந்தல்களில் இலை. அக்கா பந்தலில் கறுகறுவென்று பழம். வேலியோரம் கை கட்டி நின்றார் வர்க்கிச்சன். அக்கா உள்ளேயிருந்து சொன்னார்: "இருங்க, டீ குடிச்சிட்டு வாரேன்!"

அன்பர்களே! இந்த ஆண்டும் பூசாரி ஒரே நாள்தான் குறித்து அனுப்பியிருக்கிறார். மூன்று நாள் கேட்போம். தலை மடைக்கு ஆவணி, நடு மடைக்குப் புரட்டாசி, கடை மடைக்கு ஐப்பசி.

என்ன பங்காளி? "நடு மடையில பூ விரியிறப்ப அடைமழையாச்சேடா?" ஆமாம். அந்தப் பயத்தில்தானே எல்லோரும் ஆவணிக்குள் முண்டுகிறோம்? மழை விழட்டும், ஒரு மடை மட்டும் தாங்கட்டும். தாங்குகிற மடைக்கு மற்றத் தோட்டங்கள், பழம் பறிக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு பெட்டிப் பழம் ஒதுக்கட்டும். அடுத்த ஆண்டு முறை மாறட்டும். முதல் ஆண்டு மழை என் பந்தலில் விழட்டும்!

கைதட்டாதீர்கள், பொறுங்கள். முன்வரிசையில் என் வீட்டுக்காரி குருவம்மா எழுந்துவிட்டாள். "வீட்ல கேட்டீகளா?" என்கிறாள்.

கேட்கவில்லை குருவம்மா. நமக்கு இருப்பது அந்த ஒரு பந்தல். பூ கொட்டினால் கொத்து இல்லை. ஊர் சொன்ன சொல் நின்றால்தான் நமக்குச் சோறு. இத்தனை பேர் முன்னால் இப்போது கேட்கிறேன். சொல்.

கேட்டீர்களா ஐயா? கேட்காதவர்களுக்கு நான் சொல்கிறேன்: "வெட்டுவோம். பெட்டி மட்டும் வரலைன்னா, தலைவர் வீட்ல ஆரம்பிச்சு வீடு வீடா நானே வந்து தூக்கிட்டுப் போவேன்!"

இதைவிட உறுதியான ஒப்பந்தம் எந்த நாட்டில் உண்டு? சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள். தாய்மார்கள் தூக்கிவிட்டார்கள். போதுமணி அக்கா இரண்டு கையையும் தூக்குகிறார். பங்காளியும் தூக்கிவிட்டார், வடைக்காக அல்ல என்று நம்புகிறேன். தலைவரே, உங்கள் கை? ஆ, உயர்ந்தது.

வர்க்கிச்சன் வரட்டும். இந்த ஆண்டு சாயாவை நாமே வாங்கிக் கொடுப்போம். நிதானமாகக் குடிக்கட்டும், நமக்கும் அவசரமில்லை. பொறுமையாகக் கேட்ட செவிகளுக்கு நன்றி; உயர்ந்த கைகளுக்கு அதைவிடப் பெரிய நன்றி. வணக்கம்! மாப்பிள்ளை, இனி வடைக்குப் போகலாம்.